16 இற்கு 14: ஸ்பீக்கர் வயர் சோதனையில் நான் ஏமாந்த இடம்

இரண்டு ஸ்பீக்கர் வயர்களில் எது ஓடுகிறதென்று காதால் மட்டும் கேட்டு எழுதிய விடைத்தாளை அக்காவின் மகன் நீட்டியபோது அதில் 16 இற்கு 14 சரியாக இருந்தன. வெறுமனே ஊகித்து எழுதுகிற ஒருவருக்கு 14 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய 480 இல் ஒன்று. விலை கூடிய வயரால் ஓசையில் ஒரு வித்தியாசமும் வராது என்று மூன்று மாதமாக மச்சானுடன் தொலைபேசியில் வாதாடி வந்த எனக்கு, அந்தத் தாளைப் பார்த்ததும் வாயடைத்துப் போயிற்று. அன்றிரவு மச்சானுக்கு அழைப்பெடுக்காமல் விட்டது என் நல்ல காலம்.

மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். கடந்த விடுமுறைக்கு வந்தபோது ஐந்து மீற்றர் நீளமான ஸ்பீக்கர் வயர் இரண்டும், வயரைத் தரையில் படாமல் தூக்கி வைக்கும் பீங்கான் குட்டி முக்காலிகள் எட்டும், ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் பூட்டும் பித்தளை முட்கள் எட்டும், பெட்டியின் பக்கத்தில் ஒட்டினால் ஓசை தெளியும் என்று சொல்லப்படுகிற வில்லைகள் ஒரு தாளும் கொண்டுவந்தார். விலையை அவர் சொல்லவில்லை. விலைச்சீட்டைச் சுரண்டியதில் அரைவாசி எஞ்சியிருந்தது, அந்த அரைவாசியே போதுமானதாக இருந்தது. ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய வயர், வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 7/0.67 (0.67 மில்லிமீற்றர் தடிப்பான ஏழு செம்பிழைகள் கொண்டது), கபிலத்தையும் நீலத்தையும் துளைக்கருவியில் மாட்டி முறுக்கியது. அதைக் கழற்றிவிட்டுத் தன் கையாலேயே புதியதைப் பூட்டிய மச்சான், மட்டக்களப்பு சீலாமுனையில் ஒரு வடமோடிக் கூத்துக் களரியில் நான் பதிவுசெய்த ஒலியைப் போடச் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அன்று எனக்கும் வித்தியாசம் கேட்டது. வருடக்கணக்காக வலப்பக்கம் சாய்ந்தே கேட்ட சல்லரித் தாளம் நடுவுக்கு வந்தது, மத்தளத்தின் தாழ்ந்த ஓசை தரும் தொப்பிப் பக்க அதிர்வுக்கு இடது ஸ்பீக்கரில் உயிர் வந்தது. இந்த முதல்நாள் விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

கேட்பதற்கு முன் அளப்பது என் பழக்கம். சாதாரண மல்டிமீற்றரில் இந்த அளவு சிறிய தடையை நேரடியாக அளக்க முடியாது, மீற்றரின் சொந்த வயர்களின் தடையே அதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே வயரின் ஒரு முனையைக் குறுக்கிணைத்து, மறுமுனையில் சரியாக 1 அம்பியர் செலுத்தி, மின்னோட்டம் போகும் கௌவிகளுக்கு உட்புறமாக மீற்றரை வைத்து மில்லிவோல்ற்றை வாசித்தேன். பழைய 7/0.67 இற்கு 72, புதியதற்கு 68. போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீற்றர் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக்குக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய 0.07 ஓம்தான் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் இந்த இரண்டுக்கும் இடையிலான ஒலிமட்ட வேறுபாடு 0.005 டெசிபெல்லுக்கும் குறைவு. இப்படியான சோதனைகளில் இரு பக்கத்தையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமன்செய்ய வேண்டும் என்பார்கள், ஏனென்றால் சற்றே உரத்துக் கேட்பதைச் சத்தம் கூடியது என்று காது சொல்லாது, தெளிவு கூடியது என்றே சொல்லும். என் இரண்டு வயர்களும் சமன்செய்யாமலே சமனாக இருந்தன. வயர் வந்த பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருந்த தோல் விளைவை (அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் வயரின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவதை) பற்றியும் ஒரு வார்த்தை: 20 கிலோஹேர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பது உண்மைதான், அதனால் தடை கொஞ்சம் கூடும் என்பதும் உண்மைதான், 0.07 ஓமில் கொஞ்சம் கூடினால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது யானையின் முதுகில் எறும்பு ஏறிய கதை.

இனிச் சோதனை. முதலில் அ என்ற வயர், பிறகு ஆ என்ற வயர், பிறகு இரண்டில் எதுவென்று சொல்லாமல் மூன்றாவது. அதைக் கேட்டுப் பெயர் எழுத வேண்டும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மன்சனும் காட்னரும் 1950 இல் விவரித்த முறையின் வழிவந்தது இது. 16 தடவைகளில் 12 சரியாக வந்தால் ஊகத்தால் வந்ததென்று எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு வயர்களையும் ஸ்பீக்கர் முனையில் ஒன்றாகப் பூட்டி, அம்பிளிபயர் முனையில் மட்டும் 12 வோல்ற்று ரிலே (மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றால் மாற்றினேன். மற்றைய வயர் ஒரு முனையில் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அது சேர்க்கும் கொள்ளளவம் சில நூறு பிக்கோபரட், 8 ஓமுக்கு அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாணயக் குற்றியைச் சுண்டி, அடுத்த அறையிலிருந்து சுவிட்சைப் போட்டவன் நான். ரிலேயின் சத்தம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தடவையும் ஓசையை நிறுத்திவிட்டு, சுவிட்சை ஐந்தாறு தரம் மாறிமாறித் தட்டி, இறுதியில் வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். இதைவிடக் கவனமாக ஒருவன் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். வந்தது 14.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் ஒரு காரியம் செய்தேன்: மச்சானின் வயரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்திலும் 7/0.67 இலேயே ஐந்து மீற்றர் வெட்டிப் பூட்டினேன். இப்போது அ என்பதும் ஆ என்பதும் ஒரே சுருளிலிருந்து வந்த ஒரே வயர். மருமகனுக்கு இதைச் சொல்லவில்லை. 16 இற்கு 13 சரியாக எழுதினான்.

"எப்பிடி மனே கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"தெரியா மாமா, ஆ வந்தா ஒரு இறுக்கம் இரிக்கி" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. ரிலேக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டபோதுதான் விளங்கியது: சுருளுக்கு மின்சாரம் போகும்போது அது "டக்" என்று இறுகி விழுகிறது, மின்சாரம் நின்றதும் வில்லின் இழுப்பில் "டிக்" என்று மெல்லத் திரும்புகிறது. எத்தனை தரம் தட்டினாலும் கடைசிச் சத்தம் இரண்டில் ஒன்றுதான். ரிலேப் பெட்டியை மாபிள் தரையில் வைத்திருந்ததால் அது கதவைத் தாண்டி மருமகனின் கதிரைக் கால் வரை போயிருக்கிறது. அவன் கேட்ட "இறுக்கம்" ரிலேயினுடையது. அவனுடைய மூளை அதைக் கொண்டுபோய் மத்தளத்தில் ஒட்டிவிட்டது.

இந்த ஒரு ஒலியை அடக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் ரெஜிபோம் மீன்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. வீடு முழுக்க மீன் வாடை வந்தது மட்டும் மிச்சம். அடுத்து ஒரே மாதிரியான இரண்டு ரிலேக்களை முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று இறுகும்போது மற்றது விடுபடும்படி இணைத்தேன். இதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் டக்கும் டிக்கும் ஒன்றாகவே வரும். இந்த ரிலேக்கள் இங்கே ஒரு கடையில் வாங்கியவை. முதல் வாங்கிய சோடியில் ஒன்று தொட்டும் தொடாமலும் நின்றது, கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால் நல்ல ரிலேயாக நான்கு வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். சோடியைப் பழைய பிஸ்கற் தகரத்துக்குள் இறப்பர் பட்டியில் தொங்கவிட்டு, அந்தத் தகரத்தை உமி நிரப்பிய பெரிய பெட்டிக்குள் புதைத்தேன். உமி ஆலையில் சும்மா கிடைத்தது. இப்போது பெட்டியில் காதை ஒட்டினாலொழிய ஒன்றும் கேட்காது.

மீண்டும் ஒரே வயரை இரு பக்கமும் பூட்டி மருமகனை இருத்தினேன்: 7. அவனுக்குப் பெரிய மனவருத்தம். அதன் பிறகே மச்சானின் வயர் திரும்ப ஏறியது. மருமகனுக்கு 9; ஒலிபெருக்கிச் சேவை நடத்தி, ஆடி அமாவாசைக் காலத்தில் மாமாங்கக் கோயிலுக்குப் போகும் வீதிகளில் குழாய் கட்டிப் பழகிய நண்பருக்கு 8; எனக்கு 6. ஊகித்து எழுதினாலே 9 அல்லது அதற்கு மேல் பத்துத் தடவைக்கு நான்கு தடவை வரும். 2007 இல், அற்புதக் கதைகளைச் சோதித்து அம்பலப்படுத்திவந்த அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டொலர் வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் மட்டும் பிரித்தறிபவருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அறிவித்தும் அந்தச் சோதனை நடைபெறாமலே போனது. என் உமிப்பெட்டியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்படியானால் முதல்நாள் எனக்குக் கேட்டது என்ன? பழைய வயரைச் சோதனைக்குப் பூட்டும்போது அதன் நுனிகளை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக உரித்திருந்தேன். வெட்டிய துண்டுகள் குப்பைக்குப் போகாமல் மேசை லாச்சியில் கிடந்தன. எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே உப்புக் காற்றுக்கு முன் எந்தச் செம்பும் ஆறு வருடம் மினுங்காது. இடது ஸ்பீக்கரின் துண்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. அதை அதே முனையத்தில் அதே இறுக்கத்தில் வைத்து 1 அம்பியர் செலுத்தினேன்: 600 மில்லிவோல்ற்று. வலப்பக்கத் துண்டில் 20 கூட இல்லை. அதாவது வயர் முழுவதற்கும் 0.07 ஓம் இருக்க, அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் 0.6 ஓம், இடது ஸ்பீக்கர் இவ்வளவு காலமும் அரை டெசிபெல்லுக்கு மேல் தாழ்ந்து ஓடியிருக்கிறது. மச்சான் கேட்டதும் நான் கேட்டதும் மெய். அவர் பூட்டியது புது வயர் என்பதைவிடப் புது நுனி என்பதே கணக்கு. முனையங்களைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்து, ஸ்பிரிற்றும் போட்டு உலர்த்தினேன். புளியை அப்படியே விட்டால் அதுவே அடுத்த களிம்புக்கு வித்து.

பீங்கான் முக்காலிகளில் அதிகம் நேரம் செலவழிக்கவில்லை. தரைவிரிப்பின் நிலைமின்னிலிருந்து வயரைக் காப்பதற்கென்று அவற்றை விற்கிறார்களாம். எங்கள் வீட்டில் விரிப்பே இல்லை. திரைக்குப் பின்னால் வைத்தும் எடுத்தும் பத்துத் தடவை பார்த்ததில் மருமகனுக்கு ஐந்து சரி. தும்புத்தடி தடையின்றிப் போய்வருவதால் வீட்டுக்காரி அவற்றை எடுக்க விடுகிறாவில்லை. வில்லைகளை மருமகன் தன் கொப்பிகளில் ஒட்டிவிட்டான்.

இப்போது முட்களில் நிற்கிறேன். பெட்டியின் அதிர்வை முள் தரைக்குள் "வடித்துவிடும்" என்று எழுதியிருக்கிறது. இங்கே தோணியில் போய் வாவியின் 'பாடும் மீன்' ஓசையைக் கேட்பவர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைப்பார்கள். திண்மப் பொருள் அதிர்வைக் கடத்தும், ஆனால் ஒரு பக்கமாக மட்டும் கடத்து என்று அதற்கு யாரும் கட்டளையிட முடியாது. இறப்பர் வைத்தால் கதை வேறு: பெட்டியின் பாரத்தில் இறப்பர் 1 மில்லிமீற்றர் அமிழ்ந்தால் அதன் இயல்பு அதிர்வெண் 16 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும், ஏறக்குறைய 22 இற்கு மேலுள்ளவற்றையே அது தடுக்கும், அதற்குக் கீழே கூட்டியும் விடும். இதை உமிப்பெட்டியால் சோதிக்க முடியாது, முட்களைக் கழற்றிப் பூட்டப் பத்து நிமிடம் பிடிக்கிறது, அதற்குள் காது முந்தையதை மறந்துவிடுகிறது. அதைவிட, முள் பூட்டினால் பெட்டி நான்கு சென்ரிமீற்றர் உயர்ந்து சிறிய ஸ்பீக்கர் காதுக்கு நேராக வந்துவிடுகிறது. அந்த உயரத்துக்கு மரக்கட்டை வைத்து முள் இல்லாமலும் பார்க்க வேண்டும். எனவே மணிப்பொறியிலிருந்து கழற்றிய, அதிர்வை மின்னாக மாற்றும் பீசோ தகடொன்றைப் பெட்டியின் பக்கப் பலகையிலும் மற்றொன்றைத் தரையிலும் ஒட்டி, முள், மரக்கட்டை, வெட்டிய ரெனிஸ் பந்து ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒலியைப் பதிவுசெய்யப் போகிறேன். தகடுகள் இரண்டும் ஒரே அளவில் பதில் சொல்கின்றனவா என்று முதலில் ஒரே பலகையில் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை, ஒன்று மற்றதைவிட உரத்துப் பேசுகிறது. அதைச் சரிக்கட்டும் வரை பதிவு இல்லை.

இதற்கிடையில் இடது பெட்டிக்கு மூன்று முட்கள்தான் ஏறியிருக்கின்றன. நான்காவதன் புரி கோணலாக வெட்டப்பட்டிருப்பதால் அந்த மூலை, இந்த விலையுள்ள பொருளுக்கு வந்த கேடு, அதே உயரத்துக்கு அடுக்கிய ஐந்து ரூபாக் குற்றிகளின் மேல் நிற்கிறது.