‘பரவாயில்லைங்க’ என்றால் எத்தனை மார்க்?

தேர்தல் நெருங்கினால் போதும், கையில் டேப்லெட்டோடு யாராவது மலையேறி வந்துவிடுகிறார்கள். பிரதமர் எப்படி, முதல்வர் எப்படி, பக்கத்து நாட்டோடு உறவு எப்படி, டிவி செய்தியை நம்புறீங்களா என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். பத்து நாளில் ஒரு சதவீதம் வெளியாகிறது. அது பொய்த்துப்போனால் எல்லோரும் கணக்கைத் திட்டுகிறார்கள். கணக்கு பாவம். நீலகிரியில் கணிப்பு கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே: எந்த வாசலில் நின்றோம், என்ன வார்த்தையில் கேட்டோம் என்பதில்.

முதலில், எந்த நீலகிரி? ‘நீலகிரி தொகுதி’ (மக்களவைத் தொகுதி) என்று வரும் கணிப்பில் மாவட்டத்துக்குள் இருப்பவை உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகள்தான். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், அவிநாசி திருப்பூர், பவானிசாகர் ஈரோடு. நூல் விலையை வைத்து ஆட்சியை அளக்கிற அவிநாசிக்காரரையும், பச்சைத் தேயிலை விலையை வைத்து அளக்கிற மஞ்சூர்க்காரரையும் ஒரே சராசரியில் போட்டால் இரண்டு பேருடைய கருத்தும் அதில் இருக்காது. மலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மலைக்குத் தனி மாதிரி எடுக்க வேண்டும்.

அகில இந்திய ஆய்வுகளை இதற்கு நம்பிப் பயனில்லை. 2023இல் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் 2,611 பேரிடம் பேசியது. நாடு முழுமைக்கும் அது போதும். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. விகிதம் போட்டுப் பார்த்தால் அந்த 2,611 பேரில் நீலகிரிக்கு விழுவது ஒன்றரை ஆள்.

ஆள் தேர்வுக்கு வாக்காளர் பட்டியலை விடச் சிறந்தது கையில் இல்லை. ஒரு பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல்) 900 பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு 10 பேட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடு, கோயம்புத்தூருக்குக் குடிபோனவர், திருப்பூரில் வேலை பார்ப்பவர் எல்லாம் கழியும். அதனால் 15 பெயர் எடுங்கள். 900ஐ 15ஆல் வகுத்தால் 60. ஒன்றிலிருந்து அறுபதுக்குள் சீட்டுக் குலுக்கி ஒரு எண். 23 வந்தால் 23, 83, 143 என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பட்டியல் வீட்டு வரிசையில் இருப்பதால் ஹட்டியின் (படுகர் ஊர்) மேல் வரிசை, கீழ் வரிசை, எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) எல்லாம் தானாகப் பிரிந்து விழும். வீட்டுக்குப் போய் ‘கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு’ என்று ஆள் தேர்வு செய்யும் முறையும் புத்தகத்தில் உண்டு. இங்கே அது ஓடாது. பெரியவர்கள் பலருக்குப் பிறந்தநாள் என்பது ஆதாரில் யாரோ போட்டுவிட்ட ஒரு தேதி.

பட்டியலுக்கும் ஓட்டை உண்டு. எஸ்டேட்டில் இலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பவர் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். ‘வாக்காளர் கருத்து’ என்றால் பாதகமில்லை. ‘நீலகிரி மக்கள் கருத்து’ என்று தலைப்புப் போட்டால் தப்பு.

இதில் செய்யப்படும் பெரிய மோசடி, ஆள் மாற்றுவது. 143ஆம் எண் அக்கா தோட்டத்துக்குப் போயிருக்கிறார், திரும்பிவர மாலை 5 மணி ஆகும், கடைசி பஸ் போய்விடும். உடனே பஸ் ஸ்டாப் பேக்கரியில் டீ குடிக்கிற நாலு பேரைப் பிடித்து ஃபார்மை நிரப்பிவிடுவார்கள். பேக்கரியில் நிற்பவர் ஆண், நாற்பதைத் தாண்டியவர், அரசியல் பேசப் பிடித்தவர். அப்புறம் ‘மலையில் எல்லோரும் அரசியல் விவரமானவர்கள்’ என்று முடிவு வரும். சமவெளியில் ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் பேட்டியில் பாதிகூட மலையில் தேறாது. அதற்கேற்பக் கூலி நிர்ணயித்தால் இந்த மோசடி பாதி குறையும். பேட்டிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்காதீர்கள், நாளுக்கு இவ்வளவு என்று கொடுங்கள்.

எஸ்டேட் லைனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். வேலைநாள் மாலையில் போகலாமே என்பார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருட்டின பிறகு யானைக்கும், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமைக்கும் வழிவிட வேண்டியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே மழை, அக்டோபர்–நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவு. ஏப்ரல், மே சுற்றுலா சீசன். பிப்ரவரியும் மார்ச்சும்தான் வசதி.

கூடலூரில் ‘சர்வே’ என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. அங்கே சர்வே என்றால் நில அளவை. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் மாட்டி, உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் பட்டா இல்லாமல் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு, ஃபார்மோடு வருகிற ஆள் யாராக இருந்தாலும் வெளியேற்ற வந்தவர்தான். பயத்தில் வரும் பதில் பெரும்பாலும் ஆட்சிக்குச் சாதகமாக இருக்கும். ‘கருத்து கேக்க வந்திருக்கோம், பேர் எழுத மாட்டோம், நிலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னபடி பெயரை எழுதவும் கூடாது.

இனி வார்த்தை. சென்னையில் மொழிபெயர்த்த கேள்வித்தாள் மலையில் சறுக்கும் இடங்கள் இவை.

‘தலைவர்’. படுகர் ஹட்டியில் இந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் முகம் ஊர்த் தலைவர், இல்லாவிட்டால் ஊராட்சித் தலைவர். பதவியையும் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்காவிட்டால் டெல்லியைப் பற்றிக் கேட்டுவிட்டு ஹட்டியின் தீர்ப்பை எழுதிக்கொண்டு வருவீர்கள்.

‘நம்பிக்கை’. தமிழில் இது மூன்று வேலை பார்க்கிறது. ‘அவர் மேல நம்பிக்கை இருக்கா’ என்றால் ஒருவர் நேர்மையைச் சொல்வார், ஒருவர் ஜெயிப்பாரா என்பதைச் சொல்வார், இன்னொருவர் ‘அவரு ஏதாவது செய்வாரு’ என்ற எதிர்பார்ப்பைச் சொல்வார். மூன்றுக்கும் ஒரே ‘ஆமாங்க’. பிரித்துக் கேளுங்கள்: ‘சொன்னதைச் செய்வாரா?’, ‘பணம் காசு விஷயத்துல சுத்தமா?’, ‘திரும்ப வருவாரா?’

‘பரவாயில்லை’. இதுதான் ஆய்வாளரின் தலைவலி. ‘நல்லது, சுமார், மோசம்’ என்று மூன்று பெட்டி வைத்தால் பாதிப் பேர் ‘பரவாயில்லைங்க’ என்பார்கள், பேட்டி எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ‘சுமார்’ போட்டுவிடுவார். ஆனால் தலையை ஆட்டி இழுத்துச் சொன்னால் அது பாராட்டு. உதட்டைப் பிதுக்கி வெட்டிச் சொன்னால் ‘வாயைக் கிளறாதே’ என்று அர்த்தம். அதனால் ‘பரவாயில்லை’ வந்தால் அதற்கென்று தனிக் குறியீடு போட்டு, அடுத்ததாக ஒரே ஒரு கேள்வி: ‘ரெண்டு வருஷம் முன்னாடி இருந்ததை விட மேலாங்களா, கீழாங்களா, அப்படியேதானா?’ அங்கே பிரிந்துவிடும். நடுப் பெட்டியை எடுத்துவிட்டு நான்கே பெட்டி வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்தே இல்லாதவரைக் கட்டாயப்படுத்தி ஒரு பக்கம் தள்ளுகிற வேலை அது.

கேள்வி வரிசையும் பதிலை மாற்றும். பச்சைத் தேயிலை விலை பற்றிய நான்கு கேள்விக்குப் பிறகு முதல்வருக்கு மார்க் கேட்டால் மார்க் விழும். தலைமைக் கேள்வி முதலில், குறைகள் பின்னால். யாருக்கு ஓட்டு என்பதை வாயால் கேட்கவே வேண்டாம். லைன் வீட்டுச் சுவர் காது வைத்த சுவர். சின்னம் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது தேர்தல் ஆய்வு நடத்தும் லோக்நீதி அமைப்பு நெடுநாளாகச் செய்துவரும் முறை. மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் மருமகளின் கருத்து வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

வெளியுறவுக்கு வருவோம். ‘வெளியுறவுக் கொள்கையில் திருப்தியா’ என்ற கேள்விக்கு இங்கே மரியாதைக்காகத்தான் பதில் வரும். அமெரிக்காவில் சின்சினாட்டி ஆய்வாளர்கள் 1970களின் கடைசியில், இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். நம் ஊர் அதற்குக் குறைந்ததல்ல. ‘இதைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா, இல்லைன்னாலும் பரவாயில்லை’ என்று வடிகட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

அதற்காக, மலைக்காரருக்கு வெளியுறவு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்தான் வேறு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அப்படி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டான்டீ. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி லைன் வீடுகளில் ஒப்பந்தம் என்றால் ரேஷன் கார்டு மாதிரிக் கையில் தொட்ட விஷயம். அவர்களிடம் ‘அகதி’ என்ற சொல் விழுந்தால் பேட்டி அங்கேயே முடிந்தது. அவர்கள் குடியுரிமை பெற்றுத் தாயகம் திரும்பியவர்கள். ‘சிலோன்காரர்’ என்று அவர்களே சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது.

கச்சத்தீவுக் கேள்வியில் வினைச்சொல்தான் பதில். ‘1974இல் கச்சத்தீவைத் தாரைவார்த்தது சரியா’ என்று கேட்டால் ‘தப்பு’ என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘1974 ஒப்பந்தப்படி கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது பற்றி என்ன நினைக்கிறீங்க’ என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். சந்தேகமாக இருந்தால் பாதிப் பேருக்கு ஒரு வடிவம், பாதிப் பேருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக வந்தால் நீங்கள் அளந்தது கருத்தை அல்ல, வினைச்சொல்லை.

சிறு விவசாயியிடம் வெளியுறவு கேட்க வேண்டுமானால் தேயிலை வழியாகக் கேளுங்கள். 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது இந்த மலை பெரிய வாங்குபவரை இழந்தது. 1998இல் கையெழுத்தான இந்தியா–இலங்கை வணிக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலைக்குச் சலுகை வரி இருந்தது. ‘வெளிநாட்டுத் தேயிலைக்கு வரியைக் குறைச்சா பச்சைத் தேயிலை விலை ஏறுமா, இறங்குமா, மாறாதா, தெரியலையா?’ ‘நம்ம தேயிலை’ என்று போடாதீர்கள். அந்த ‘நம்ம’ பதிலைப் பிடித்து இழுக்கும். வெலிங்டன் ராணுவ குவார்ட்டர்ஸில் பணியில் இருப்பவர்களிடம் இந்தப் பகுதியையே விட்டுவிடுவது நல்லது. அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது.

ஊடகத்துக்கு வந்தால், ‘ஊடகத்தை நம்புறீங்களா’ என்பது யாருக்கும் புரியாத கேள்வி. ஊடகம் என்றால் டிவியா, காலைப் பேப்பரா, யூடியூப்பா, ஊர் வாட்ஸ்அப் குரூப்பா? உதகை வானொலியை நம்பும் பாட்டி டிவி விவாதத்தை நம்ப மாட்டார். கூடலூரில் பல வீடுகளில் ஓடுவது மலையாள சேனல். ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் ஆண்டறிக்கையைச் சான்றாகக் காட்டுவார்கள். அதன் இந்திய மாதிரி ஆங்கிலம் தெரிந்து, இணையத்தில் செய்தி பார்ப்பவர்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, நடத்தையைக் கேளுங்கள்: ‘ரோட்டுல மண்சரிவுன்னு இதுல வந்தா, உடனே பஸ்ஸுக்குப் போறதை நிறுத்திடுவீங்களா, இல்ல யார்கிட்டயாவது கேட்டுப் பார்ப்பீங்களா?’ நம்பிக்கையை வாயால் சொல்வது சுலபம். மேட்டுப்பாளையம் போகிற பர்லியார் ரோடு அடைபட்டதா என்பதில் யாரும் மரியாதைக்காகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு கொஞ்சம். 600 பேர் என்றால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம் என்று போடுவார்கள். பட்டியலிலிருந்து நேரடியாக 600 பேரை எடுத்தால்தான் அது. 30 பாகத்தில் தலா 20 பேர் என்றால், ஒரே ஹட்டிக்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பதால் பிழை கூடும். அந்த ஒற்றுமையை, எல்லோரும் ஒரே மாதிரி என்றால் 1 என்ற அளவில், 0.05 என்று வைத்தாலே வரம்பு 5.6 ஆகிவிடும். அதே 600 பேரை 60 பாகத்தில் தலா 10ஆக எடுத்தால் 4.8. பெட்ரோல் செலவு கூடும், கூடட்டும். ஆண்கள் 380, பெண்கள் 220 என்று வந்துவிட்டால் எடை போட வேண்டும்: மாவட்டத்தில் 1,000 ஆணுக்கு 1,042 பெண், ஆகவே 306 இருக்க வேண்டிய இடத்தில் 220. ஒரு பெண்ணின் பதில் 1.39, ஆணின் பதில் 0.77. இப்படிச் சரிசெய்த பிறகு 600க்கு உள்ள வலு 551க்கு இறங்கும். இவ்வளவுக்கும் பிறகு ‘42க்கு 38, முன்னிலை’ என்று எழுதுபவரை என்ன சொல்ல.

சட்டம்: வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவி போன்ற மின்னணு ஊடகத்தில் கருத்துக்கணிப்பு முடிவைக் காட்டக் கூடாது. வாக்குச்சாவடி வாசல் கணிப்பை (எக்ஸிட் போல்), கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எங்கேயும் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாக, சரிபார்ப்பு. ஒவ்வொரு பாகத்துக்கும் மறுநாள் வேறு ஒருவர் போய், பேட்டி கொடுத்த 10 பேரில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். மூன்றே கேள்வி: ‘உங்க வயசு?’ ‘எந்த சேனல்ல நியூஸ் பாக்குறீங்கன்னு சொன்னீங்க?’ ‘நேத்து எவ்வளவு நேரம் பேசுனாங்க?’ 25 நிமிடக் கேள்வித்தாளுக்கு ‘அஞ்சு நிமிஷம் இருக்குங்க’ என்று பதில் வந்தால், அந்த ஆள் அன்றைக்கு நிரப்பிய அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டியதுதான்.