சூடு காட்டிப் பார்த்தியா?

வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில் ஏழு முயல் குட்டிகளைப் புதைத்தேன். கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர்ப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை. ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்று இரண்டு இனம் வளர்த்தோம். அந்தப் பெட்டை முயலுக்கு அது தலை ஈத்து. குட்டி போடுவதற்காக வைத்த பெட்டிக்குள் தன் ரோமத்தைப் பிடுங்கிப் போடாமல், ராத்திரியில் கம்பி வலை மேலேயே ஈன்றுவிட்டது. காலையில் தீவனத்தோடு போனபோது குட்டிகள் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தன. ஒன்றிலும் அசைவில்லை. பழைய சாக்கில் வைத்து, கேரட் தோட்டத்து ஓரமாகக் குழி தோண்டி மூடிவிட்டு வந்தேன்.

பண்ணையில் வெகுகாலம் இருந்த ஒரு பெரியவரிடம் பத்து மணிக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "சூடு காட்டிப் பார்த்தியாம்மா?"

பிறந்த முயல் குட்டி ஐம்பது கிராம் அளவுதான் இருக்கும். உடம்பில் ரோமம் கிடையாது, கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தனியாகக் கிடந்தால் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. பூனை மாதிரி வாயில் கவ்விக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் பழக்கமும் தாய் முயலுக்கு இல்லை. அதனால் வெளியே விழுந்த குட்டியை நாம்தான் எடுக்க வேண்டும். செத்தது போல விறைத்துக் கிடக்கும் குட்டியையும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினால் சில சமயம் வாயைத் திறக்கும். அந்த ஏழில் எத்தனை அப்படித் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழியைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் எடுக்கப் போவேன்.

அதற்கப்புறம்தான் ஒரு தாயின் குட்டிகளை இன்னொரு தாயிடம் மாற்றி விடும் வேலையைக் கற்றுக்கொண்டேன். அதற்கு முதலில், பெட்டையை ஆண் முயலோடு சேர்க்கும் தேதி சரியாக அமைய வேண்டும். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். இரண்டு மூன்று பெட்டைகளை ஒரே நாளில் சேர்த்துவிட்டால் அவை ஒரு நாள் முன்பின்னாக ஈனும். ஒன்று குட்டிகளைக் கைவிட்டாலும், பால் வற்றினாலும், இன்னொன்றிடம் விடலாம். ஒற்றையாகச் சேர்த்த பெட்டையின் குட்டிகளுக்கு அந்த வழி இல்லை. ஆட்டுப்பால் புகட்டிப் பார்த்திருக்கிறேன். சொட்டு மூச்சுக்குழாயில் ஏறியும், வயிறு உப்பியும் என் கையில் போனவைதான் அதிகம். முயல் பாலின் கெட்டி ஆட்டுப்பாலில் வராது.

வளர்ப்புத் தாயை முதலில் கூண்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் விட்டுவிடுவேன். அதனுடைய குட்டிகளுக்கு நடுவே, அது பிடுங்கிப் போட்ட ரோமத்துக்கு அடியில், புதுக் குட்டிகளை வைப்பேன். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை வந்துவிடும். அப்புறம் தாயைத் திரும்ப விடுவேன். பிறந்து மூன்று நாளுக்குள் செய்வது நல்லது. வயது தள்ளிப்போனால் பெரிய குட்டி சின்னதைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கும். முலைக்காம்பு பெரும்பாலும் எட்டு என்பதால் எட்டுக் குட்டிக்கு மேல் ஒரு தாயிடம் விடமாட்டேன். வெள்ளைக் குட்டியை சின்சில்லாத் தாயிடம் விட்டால் அடையாளம் வைக்கவே வேண்டாம்; கறுப்போடிய தோல்களுக்கு நடுவே ரோஜா நிறத்தில் தனியாகத் தெரியும்.

மறுநாள் காலையில் வயிற்றைப் பார்க்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். பகலில் பெட்டிப் பக்கமே போகாது. "தாய் கவனிக்கவே இல்லை" என்று புதிதாக வருபவர்கள் பதறுவது இதனால்தான். வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தால் சரி. சுருங்கிப்போயிருந்தால் அந்தக் குட்டிக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகச் செய்தும் போகும். ஒரு தடவை நான்கு குட்டிகளை மாற்றி விட்டேன், மூன்று நாளில் மூன்று போயின. காரணம் பிடிபடவில்லை. கறிக்கு வளர்க்கிற உயிருக்கு இவ்வளவு பாடா என்று ஊரில் கேட்பார்கள். மூன்று மாதத்தில் அது எடைக்குப் போகும் என்பது எனக்கும் தெரியும். போகிற நாள் வரைக்கும் அது பசியில்லாமல், குளிரில்லாமல் இருக்க வேண்டியது என் பொறுப்பு. செத்த குட்டிகளின் கணக்கை நோட்டில் எழுதிவைப்பேன், யாரும் கேட்டதில்லை. பெட்டை எண், ஈத்து, எத்தனை, எங்கே கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்துத்தான், பெட்டியை முன்கூட்டியே 27ஆம் நாளில் வைக்க வேண்டும், சாக்குத் திரையை இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கமானது.

முதல் மார்கழியில் குட்டிகளை இழந்த அந்தப் பெட்டையை விற்றுவிடலாம் என்று முதலாளி சொன்னார். தலை ஈத்தில் பல முயல்கள் தடுமாறும், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பங்குனியில் மறுபடி நாள் வந்தது. அதே நாளில் சேர்த்த இன்னொரு பெட்டையும் பக்கத்துக் கூண்டில் தயாராக இருந்தது. வெந்நீர்ப் பாட்டிலும் தயார். விடியற்காலையில் டார்ச்சோடு போனேன். வலை மேல் ஒன்றும் இல்லை. பெட்டி நிறைய வெள்ளை ரோமம். தாய் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. கையை உள்ளே விட்டேன். அடியில் எல்லாம் சூடாக நெளிந்தன.