பாட்டனார் பிறந்த இடம்

கனடாவுக்கான என் நிரந்தர வதிவிட விண்ணப்பம் முடிவுக்கு வர 14 மாதங்கள் ஆயின. ரொறன்ரோவில் இருக்கும் கணவர் ஸ்பொன்சர் செய்ததால் படிவங்களில் பெரும்பகுதியை அவரே நிரப்பினார். கொழும்பில் இருந்தபடி ஆவணங்களைத் திரட்டுவதே என் வேலை.

பொலிஸ் சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பித்தேன், சிக்கலின்றி வந்தது. மருத்துவப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர் என்று ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. அதன் முடிவு 12 மாதங்களுக்கே செல்லுபடியாகும் என்பதைப் போகவிருப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை நிறுத்தி வைத்தது பிறப்புச் சான்றிதழ். அது தமிழில் பதிவானது. கனடாவுக்கு அனுப்ப ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்து தந்த பிரதியில் அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளதைவிட ஓர் எழுத்து மாறியிருந்ததை நானும் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்து, மறுபடி மொழிபெயர்த்து, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து அனுப்புவதற்குள் ஐந்து வாரங்கள் போய்விட்டன. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்; வாங்கும்போது எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முறை அப்படி ஒப்பிட்டுக்கொண்டிருந்த இரவில்தான், இத்தனை வருடங்களாக வாசிக்காமல் விட்ட ஒரு கட்டத்தை வாசித்தேன். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்ன என்று அது கேட்கிறது. தாத்தாவின் பெயருக்குக் கீழே 1932, அட்டன் என்று எழுதியிருந்தது. அடுத்த கட்டம் பூட்டனாரைக் கேட்கிறது. அங்கே ஒரு கோடு மட்டுமே இழுத்திருந்தார்கள். அவர் திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் அதனால் நாடற்றவர்களானார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எங்கள் தாத்தா இலங்கைக்கு விண்ணப்பித்தார். அவருடைய தம்பி இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, 1970களில் மனைவி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரியில் போய்க் குடியேறினார். அவரும் அட்டனில் பிறந்தவர்தான். தாத்தா சாகும்வரை அவரை மறுபடி பார்க்கவில்லை.

நான் விரும்பிப் போகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறேன், நினைத்தால் திரும்பி வரலாம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையைப் பிரிவது எனக்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், அதைச் சின்னத் தாத்தாவின் பிரிவுக்குப் பக்கத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். நாங்கள் சைவர்கள்தான்; ஆனாலும் அம்மா பெரிய காரியம் எதற்கும் அங்கே மெழுகுதிரி கொளுத்தாமல் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி வேண்டும் என்றார். எதற்கென்று கேட்டேன்.

“ஒன்னு ஒங்கிட்ட இருக்கட்டும், ஒன்னு வீட்டுல இருக்கட்டும்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, அதில் இருந்த ஒரு படத்தை எடுத்தார். கப்பலுக்குப் போகும் முன் அட்டனில் ஒரு ஸ்டூடியோவில் அண்ணனும் தம்பியும் பிடித்துக்கொண்டது. தம்பி போட்டிருக்கும் கோட்டு தாத்தாவுடையது. தோள் தொங்குகிறது, கை விரல் நுனி வரை மூடியிருக்கிறது. அம்மா சான்றிதழை நான்காக மடித்து, அந்தப் படத்தின் பின்னால் வைத்துப் பெட்டியை மூடினார்.