மணல்காட்டில் 9க்கு 9 முற்றம்

"மேடம்ஜி, நடு வீட்டுல இந்தப் பள்ளம் எதுக்கு?"

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் எங்கள் வீட்டைக் கட்டும் மிஸ்திரி கேட்டார். நான் காரைக்குடி வாடகை வீட்டு அடுப்படியில் பாலுக்குக் காவல் நிற்கிறேன். அவர் ராஜஸ்தானில், ஜோத்பூரில், கூரை ஏறாத எங்கள் வீட்டுக்குள் நிற்கிறார். என் இந்தி, பழைய தூர்தர்ஷன் பார்த்துக் கற்றது. "ஆங்கன்", அதாவது முற்றம் என்றேன். அது அவருக்கும் தெரிகிறது. தரையை விட முக்கால் அடி ஏன் இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. மழைத் தண்ணி விழுந்தால் வீட்டுக்குள் ஏறக்கூடாதே என்றேன். சிரித்துவிட்டார். "மழை எங்கே விழும்? மணல்தான் விழும்." பால் பொங்கிவிட்டது.

எங்க வீட்டுக்காரருக்கு சோலார் கம்பெனியில் வேலை. பலோதி பக்கம், பட்லா சோலார் பார்க். பலோதி என்றதும் நான் முதலில் தேடிப் பார்த்தது வெயிலைத்தான். 2016 மே 19 அன்று 51 டிகிரி, இந்தியாவிலேயே பதிவான உச்சம். "அங்கே நான் இருப்பேன், நீங்க ஜோத்பூர்ல இருப்பீங்க, அங்கே 44தான்" என்று சமாதானம் சொன்னார். இரண்டு வருசம் பிரிந்திருந்து பார்த்தோம், முடியவில்லை. இங்கே வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று அங்கே கட்டுகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பை அங்கே தொடங்கணும். நானும் டீச்சர் வேலையை விடுவதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்தக் கல்வியாண்டோடு சரி.

இந்த முற்றத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், கண்டனூர் வீடு. அப்பச்சிக்கு அதில் 16ல் 1 பங்கு. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், அந்தப் பின்னத்தைத் தரையில் வரைந்து காட்ட யாராலும் முடியாது. பூட்டிய ஓர் அறை, வளவில் பொங்கல் வைக்க ஓர் இடம், சாவிக்கு ஒரு சண்டை. ஆனால் ஐப்பசி அடைமழையில் நாலு பக்கத்து நாட்டு ஓடும் முற்றத்துக்குள் கொட்டும். அப்பத்தா மூலைக்கு மூலை செம்புக் கிடாரத்தை நகர்த்தி வைப்பார். முதல் மழையைப் பிடிக்க விடமாட்டார், "ஓடு கழுவட்டும்த்தா" என்பார். மிச்சம் மழைநீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். குடிக்க, பருப்பு வேக, எல்லாம் கிடாரத்துத் தண்ணிதான்.

இதை உடைந்த இந்தியில் மிஸ்திரியிடம் சொன்னேன், கிடாரத்துக்கு அபிநயம் பிடித்தபடி. அவர் முகம் மாறியது. "அட, டாங்கா சொல்றீங்களா! அப்படிச் சொல்ல வேண்டியதுதானே."

டாங்கா என்றால் பூமிக்குள் கட்டுகிற மழைநீர்த் தொட்டி. மார்வாரில், அதாவது ஜோத்பூர் வட்டாரத்தில், பழைய வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. இப்போது நகரத்துக்கு இந்திரா காந்தி கால்வாயிலிருந்து தண்ணீர் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள், அதனால் புது வீடுகளில் பலர் விட்டுவிட்டார்களாம். அதில் மிஸ்திரிக்கு வருத்தம். தன் ஊர் வீட்டு டாங்காவைப் பற்றி அவர் கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது.

அன்று ராத்திரி விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். ஜோத்பூரில் வருச மழை சராசரி 360 மில்லிமீட்டர். எங்கள் கூரை 1,100 சதுர அடி, அதாவது 102 சதுர மீட்டர். பெருக்கினால் 36,700 லிட்டர் சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 29,000 தேறும். மூன்று பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்றால் வருசத்துக்கு 11,000 போதும். எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடி போட்டேன். முற்றத்துக்கு அடியில் 10க்கு 10, ஆழம் 7 அடி: 20,000 லிட்டர் பிடிக்கும். தோண்டியாகிவிட்டது.

மணலுக்கு வழி? மார்ச்சிலிருந்து ஜூன் வரை 'ஆந்தி' அடிக்குமாம், புழுதிக் காற்று. முற்றத்துக்கு மேலே கம்பி வலை, அதற்கு மேல் இழுத்து மூடுகிற படுதா. படுதா எங்க வீட்டுக்காரர் யோசனை. கயிற்றை யார் இழுப்பது என்று அவர் சொல்லவில்லை.

சுவர் எல்லாம் கல். "சித்தர் கல்" என்று அவர் போனில் சொன்னபோது போகர் ஞாபகம்தான் வந்தது. அந்த ஊர் மணற்கல்லுக்கு அதுதான் பேர், உமைத் பவன் அரண்மனையே அந்தக் கல்லில் கட்டியது. மேற்கூரைக்கும் நீள நீளக் கல் பலகைதான், அதைப் 'பட்டி' என்கிறார்கள். நம் திண்ணைப் பட்டியக்கல் ஞாபகம் எனக்கு. சொல்லுக்குச் சொல் உறவெல்லாம் எனக்குத் தெரியாது, காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

தரைக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல். 8க்கு 8 அங்குலத்தில் 720 கல், கிட்டத்தட்ட ஒன்றேகால் டன். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுவதை நின்று பார்த்து வாங்கினேன். நெட்டாக நிறுத்தி ஏற்றுங்கள் என்று பட்டறைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். லாரிக்காரர்கள் வழியில் எங்கேயோ மாற்றி ஏற்றும்போது படுக்கப் போட்டிருக்கிறார்கள். 38 உடைசல். கேட்டதற்கு, "கல்லுன்னா உடையத்தான் செய்யும்" என்று பதில்.

அதைவிடப் பெரிய கண்டம் நேற்று. கல் பதித்து முடித்துவிட்டு மிஸ்திரி பெருமையாக வீடியோவைத் திருப்புகிறார், மூலையில் பாலிஷ் மெஷின்! மக்ரானா மார்பிளும் கோட்டா கல்லும் பதிக்கிற ஊர், பதித்ததும் தேய்ப்பதுதான் வழக்கம். ஆத்தங்குடிக் கல்லில் சாயம் மேலே மெல்லிசாகத்தான் இருக்கும். தேய்த்தால் பூவும் கட்டமும் போய் வெறும் சிமென்ட் இளிக்கும். "நை! நை! பந்த் கரோ!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்துவிட்டார், வீட்டுக்குள் பாம்பு என்று நினைத்து.

மெஷினை வெளியே எடுத்தார்கள். "அப்போ பளபளப்பு எப்படி வரும்?" என்று மிஸ்திரி கேட்டார். தினம் துடைக்கணும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கணும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. தரையில் எண்ணெயா என்று கேட்டுவிட்டு, கடுகெண்ணெய் ஆகுமா என்றார். அவர் வீட்டில் அதுதான் இருக்கிறதாம்.

வைகாசியில் பால் காய்ச்சணும், அப்போதுதான் ஆடியில் அங்கே மழை தொடங்கும்போது டாங்கா தயாராக இருக்கும். மன்னார்குடி போய், வாரம் ஒருமுறை ஜோத்பூர் போகிற ரயிலில் டிக்கெட் போட்டாகிவிட்டது. சாமான் பட்டியலில் அப்பத்தாவின் செம்புக் கிடாரத்துக்குக் கீழே இன்று ஒரு வரி சேர்த்தேன்: செக்கு எண்ணெய், 5 லிட்டர், தகர டின்.