வீட்டுச் சங்கத்துக்கு ரிசர்வ் ஏன் வேணும்

சனத்துக்கு வீடு கட்டிக்குடுக்கிற லாபநோக்கமில்லாத வீட்டுச் சங்கத்தின்ட பேங்க்ல ரிசர்வ், அதாவது அவசரத்துக்கெண்டு ஒதுக்கி வச்ச காசு, கிடந்தா உடனே சனம் இன்னும் நாலு வீடு கட்டியிருக்கலாமேண்டு கேக்குது, கேள்வி நியாயம்தான், ஆனா 2022ஐ நினைச்சுப் பாருங்க. செப்டம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், அதுக்கு முதலே டொலர் 200 ரூபாவில இருந்து 350ஐத் தாண்டிட்டுது, அத்திவாரம் போட்டுக் கம்பி நீட்டிக்கொண்டு நிக்கிற வீட்டுக்கு சீமெந்து வாங்கக் காசு காணாது. அந்த நேரம் கைகுடுக்கிறது ரிசர்வ்தான்.

மொத்தத் தொகையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. நன்கொடை தாற டோனர், தோட்டத்தில வீடு கட்டவெண்டே தந்த காசில வெள்ளவத்தை ஒபிஸ் கரண்ட் பில் கட்டேலாது. எது எந்த வேலைக்கெண்டு ஓடிட் ரிப்போர்ட்டின்ட பின்பக்கக் குறிப்புகள்ல இருக்கும், பொறுமையா வாசிங்க. அப்பிடி ஒரு வேலைக்கெண்டு கட்டுப்படாத மிச்சக்காசு எத்தினை மாசச் செலவுக்குக் காணுமெண்டு வருசக் கூட்டத்தில எழும்பிக் கேளுங்க, கேக்கிற ஆக்களை முறைக்கிற கமிட்டியை எனக்குப் பிடிக்கிறதேயில்ல.