மேற்கண்ட அனைத்தும்

பதினெட்டு வருடமாகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு எந்த வரிசையில் யாருக்குக் கண் சொருகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். 2020-இல் எல்லோரையும் போல நானும் ஜூமுக்குப் போனேன். முகங்கள் போய், பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள் வந்தன. கட்டம் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? யாருக்குத் தெரியும்!

அந்தக் கடுப்பு எனக்குள் இருந்த நேரத்தில்தான், ‘கவனித்துக் கேட்பது எப்படி’ என்ற என் வகுப்பை எல்எம்எஸ்ஸில், அதாவது ஊழியர்கள் கணினியிலேயே பாடம் படித்துத் தேர்வு எழுதும் மென்பொருளில், ஏற்ற வேண்டும் என்றார்கள். பழைய பதிப்பு ஒன்று இருந்தது, ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தது. அடோபி 2020 டிசம்பரோடு ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்திவிட்டதால் அது திறக்கவே இல்லை. சரி, புதிதாக 40 நிமிடம் பேசிப் பதிவு செய்தோம்.

‘நெக்ஸ்ட்’ பட்டனைத் தட்டித் தட்டி நாலே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பாடத்தை நான் அப்படித்தான் முடிப்பேன்.

பாடத்தைக் கணினியில் ஏற்றும் தம்பியிடம் சொன்னேன்: “தம்பி, நான் பேசி முடிக்காமல் நெக்ஸ்ட் வேலை செய்யக் கூடாது. பூட்டிவிடுங்கள்.”

“எல்லோருக்குமா சார்?”

“எல்லோருக்கும்தான்.”

போனால் போகிறது என்று ஒரு சலுகை: விஷயம் தெரிந்தவர்கள் முதலிலேயே தேர்வு எழுதலாம், 80 சதவீதம் எடுத்தால் பாடம் பார்க்க வேண்டாம். ஐந்து கேள்விகளையும் நானே எழுதினேன். சோம்பலில் நான்குக்கு ‘மேற்கண்ட அனைத்தும்’தான் விடை. “விடைகளின் வரிசையைக் கலைத்துவிடட்டுமா சார், காப்பியடிக்க முடியாது” என்றார் தம்பி. பேஷ், கலையுங்கள் என்றேன்.

அடுத்த வாரம், இந்தப் பாடத்தை முடிக்கச் சொல்லி ஊழியர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. நானும் ஊழியன்தானே, எனக்கும் வந்தது. பாடத்துக்கும் எல்எம்எஸ்ஸுக்கும் இடையில் தூது போவது ஸ்கார்ம் 1.2 என்ற தொழில்நுட்ப விதிமுறை, 2001-ஆம் வருடத்துச் சமாசாரம். தேறினாரா, எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்றெல்லாம் போய்ச் சொல்லும். ‘ஐயா, பாடம் எடுத்தவரே இவர்தான்’ என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

நேராகத் தேர்வுக்குப் போனேன். கேள்வியைப் படிக்கவே இல்லை. நாலாவதுதான் விடை என்று எழுதியவனுக்குத் தெரியாதா? டக், டக், டக். 20 சதவீதம்.

பதறிப்போய் மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் கேள்வியில் ‘மேற்கண்ட அனைத்தும்’ முதல் விடையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே கேள்வியைத் தவிர ஒன்றுமே இல்லை. ‘தாங்கள் தேர்ச்சி பெறவில்லை. பாடத்தை முழுமையாகக் கவனிக்கவும்’ என்று கடிதம், நகல் என் மேலாளருக்கு.

நெக்ஸ்ட் பூட்டியிருந்தது. வேறு ஜன்னலுக்குப் போனால் என் குரல் நின்றுவிடுகிறது. திரும்பி வந்தால்தான் பேசுகிறது. இந்த யோசனையும் என்னுடையதுதான். பதினேழாவது நிமிடத்தில் எனக்கே கண் சொருகிவிட்டது. நடுநடுவே எத்தனை முறை ‘ஆக்சுவலா’ சொல்கிறேன், தெய்வமே.

ஒருவழியாகத் தேறியதும் கருத்துப் படிவம் வந்தது. பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே எழுதிவைத்தார். முதல் படி, வந்தவருக்குப் பிடித்ததா என்பது. பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘பயிற்றுநர் இன்னும் கொஞ்சம் சுவாரசியமாகப் பேசலாம்’ என்று எழுதினேன்.

மறுநாள் அறிக்கை வந்தது. பயிற்றுநர்: என் பெயர். அதிருப்தி தெரிவித்தவர்: என் பெயர். ‘பயிற்றுநர் இவரை நேரில் சந்தித்துப் பேசி, மூன்று நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்.’