வலப் பக்கம் கறுப்பு

"விண்வெளிக் கதையில் எதுக்கு அரசியல்?" என்று சொல்லிவிட்டு நண்பர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

நான் முழுசாகப் பார்த்தேன். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் 1969 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயம்.

ஒரே கோளைச் சேர்ந்த இருவர். முகம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவன் இன்னொருவனை 50,000 ஆண்டுகளாகத் துரத்துகிறான்.

ஏன் இந்த வெறுப்பு? அவர்களை ஏற்றிக்கொண்ட விண்கப்பலின் கேப்டன் கிர்க்குக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

துரத்துகிறவனுக்கு வலப் பக்கம் கறுப்பு. மற்றவனுக்கு வலப் பக்கம் வெள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம்!

"இதுகூடத் தெரியவில்லையா?" என்பதுபோல் அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பார்வையை நிஜத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொடரில் அரசியல் புதிதாக நுழையவில்லை. 1966இல் தொடங்கியபோதே, ஒரு கறுப்பினப் பெண் கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி. அந்த உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலக நினைத்தார். போகாதீர்கள் என்று தடுத்தவர் ஒரு ரசிகர். மார்ட்டின் லூதர் கிங்.

உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் நிஜமாகவே விண்வெளிக்குப் போனார். அங்கே போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். ஒரு ரசிகை இதைவிட அழகாக எப்படிப் பதில் சொல்ல முடியும்?

சரி, கதை முடிவில் அந்த இருவருடைய கோளில் யாருமே உயிரோடு இல்லை. ஒருவரையொருவர் கொன்று தீர்த்திருக்கிறார்கள். இருவரும் அங்கேயும் துரத்திக்கொண்டே ஓடுகிறார்கள்.

நண்பர் அதற்கு முன்பே போய்விட்டார். நாளைக்குக் கூப்பிட்டு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது பார்க்கவைக்க வேண்டும்.